தீ பிடித்தால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டாம்: பனியன் கம்பெனித் தொழிலாளருக்கு ஒரு தீப் பாதுகாப்புப் பாடம்

திருப்பூர்ப் பக்கம் பல பனியன் கம்பெனிகளில் தீப் பாதுகாப்புப் பயிற்சி என்றால் ஒரே காட்சிதான். வாசலில் ஒரு தகரத் தட்டு, அதில் டீசல், பற்றிக்கொள்வதற்காக மேலே கொஞ்சம் பெட்ரோல். தீ எழும்பியதும் நான்கைந்து பேர் வரிசையாக வந்து சிவப்பு சிலிண்டரைத் தூக்கிப் பொடி அடிப்பார்கள். கைதட்டல், போட்டோ, கையெழுத்துப் பட்டியல். அடுத்த மாதம் வரும் பையர் (துணி வாங்கும் நிறுவனம்) ஆடிட்டுக்கு ஃபைல் தயார்.

இதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பாடத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் நடத்திவிட்டு முதல் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 38ஆவது பிரிவு இந்த வரிசையைச் சரியாகவே வைத்திருந்தது. தப்பிக்கும் வழிகள் எல்லாத் தொழிலாளருக்கும் பழக்கமாகியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றில் அவர்களுக்குப் போதிய பயிற்சி கொடுத்திருக்க வேண்டும் என்றது. அணைக்கும் கருவிகளை வாங்கி வைத்துப் பராமரிப்பதை முதலாளியின் கடமையாகத் தனியே சொன்னது. எல்லாரும் தீயை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. எல்லாருக்கும் வெளியே போகத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டது.

வெளியே போவதற்கு என்ன பயிற்சி, கதவைத் திறந்து போகவேண்டியதுதானே என்று தோன்றும். போகமாட்டார்கள் என்பதுதான் விஷயம். டெய்லர் மெஷினை நிறுத்தாமல் சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பார். சூப்பர்வைசர் மேனேஜருக்கு போன் போடுவார். மேனேஜர் "என்னன்னு பாருங்க" என்பார். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு எழுந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் காசு. இப்படிப் போகும் இரண்டு மூன்று நிமிடத்தில்தான் உயிர் போகிறது.

ஆயத்த ஆடைத் தொழிலின் இரண்டு பெரிய விபத்துகள் இதைக் காட்டுகின்றன. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் எட்டாவது மாடிக் கட்டிங் டேபிளின் கீழே கிடந்த துணி வேஸ்ட்டில் தீ பிடித்தது. எட்டாவது மாடியிலிருந்து அலுவலகம் இருந்த பத்தாவது மாடிக்கு போனில் தகவல் சொன்னார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியும் கிடந்தது. தொழிலாளர் துணி திருடிக்கொண்டு போகாமல் ஒரே வாசலில் பையைச் சோதிப்பதற்காகப் போட்ட பூட்டு. இறந்தவர்கள் 146 பேர். நூறு ஆண்டு கழித்து, 2012 நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே அசுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் கட்டடத்தில் தரைத்தளத்து நூல், துணிக் குடோனில் தீ. மணி அடித்தது. எழுந்தவர்களை மேற்பார்வையாளர்கள் திரும்ப உட்காரச் சொன்னதாகத் தப்பித்தவர்கள் சாட்சி சொன்னார்கள். படிக்கட்டுகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்த தரைத்தளத்தில்தான் போய் இறங்கின. 112 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் இன்னும் பத்து சிலிண்டர் தொங்கியிருந்தாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது.

ஆகவே பயிற்சியின் முதல் வரி: மணி அடித்தால் எழுந்து போ, யாரையும் கேட்காதே. இதை நிர்வாகமே எழுத்தில் கொடுத்து, லைன் சூப்பர்வைசர்கள் முன்னால் வாயாலும் சொல்ல வேண்டும். பீஸ் ரேட் ஆட்களுக்கு ஒத்திகை நேரத்துக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும். அதைத் தராத கம்பெனியில் மணி அடித்தால் பாதிப் பேர் "இந்தக் கட்டை முடிச்சுட்டு வர்றேன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தீ என்ன தின்னும், எப்படித் தின்னும்

தீக்கு மூன்று வேண்டும்: எரியும் பொருள், சூடு, காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன். ஒன்றை எடுத்தால் தீ நிற்கும். தண்ணீர் சூட்டை எடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைத் தள்ளிவிடுகிறது. பக்கத்தில் கிடக்கும் துணிக்கட்டை இழுத்துப் போடுவது எரிபொருளை எடுப்பது. பொடி இந்த மூன்றையும்விட, தீச்சுடருக்குள் நடக்கும் வேதிவினையின் சங்கிலியை அறுத்துத்தான் முக்கியமாக வேலை செய்கிறது.

பருத்திக்கு இந்தப் பாடத்தில் தனி இடம் உண்டு. அது சுடர்விட்டு எரிவதோடு, சுடரே இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டும் இருக்கும். துணி ரோல், வேஸ்ட் மூட்டை, அடுக்கிவைத்த கட் பீஸ் எல்லாவற்றிலும் இது நடக்கும். மேலே பொடி அடித்ததும் சுடர் அடங்கிவிடும், எல்லாரும் மூச்சு விடுவார்கள். உள்ளே கங்கு அப்படியே இருக்கும். அரை மணி நேரம் கழித்து, எல்லாரும் உள்ளே திரும்பிய பிறகு, மறுபடி பற்றும். அதனால் பருத்தியில் தீயை அணைத்தபின் மூட்டையை வெளியே திறந்த இடத்துக்கு இழுத்து, பிரித்து, தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஒரு ஆள் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.

இந்தியாவில் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் என்று அனுசரிப்பதற்கும் பஞ்சுக்கும் தொடர்பு உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகைன் என்ற கப்பலில் பஞ்சு மூட்டைகளும் வெடிபொருளும் சேர்ந்தே ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சு கனன்றது. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் இறைத்தும் புகைக்குள் தீ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் கப்பல் வெடித்தது. அன்று இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் அந்த வாரம்.

பாலியெஸ்டர் வேறு மாதிரி. 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிச் சொட்டும். சொட்டு விழுந்த இடத்தில் தோலில் ஒட்டிக்கொள்ளும், கீழே இருக்கும் அட்டைப்பெட்டியையும் பற்றவைக்கும். லைக்ரா, நைலான், அக்ரிலிக் மூன்றிலும் நைட்ரஜன் இருப்பதால் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வரும். எந்தத் துணி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கட்டடத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகையில் விழுந்துவிடுகிறார்கள். ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்தால் கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும். இந்த வாயுக்களைத் தடுக்காது. "ஈரத்துணி இருக்கு, உள்ளே போய்ட்டு வந்துடலாம்" என்ற நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

புகை சூடானது, மேலே ஏறிக் கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறையும். தரைக்கு அருகே கொஞ்ச நேரம் சுவாசிக்கக்கூடிய காற்று இருக்கும். அதனால் குனிந்து, முடியாவிட்டால் தவழ்ந்து போக வேண்டும். இதைப் பயிற்சியில் வாயால் சொன்னால் போதாது. ஒவ்வொருவரையும் பத்தடி தூரம் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு தவழச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சேலையோடும் துப்பட்டாவோடும் தவழ்வது எப்படி என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கே பிடிக்கிறது

பயிற்சியை ஹாலில் உட்கார்ந்து தொடங்காமல், ஒரு சுற்று நடந்து தொடங்குவது நல்லது. மின்பெட்டியில் ஆரம்பியுங்கள். லூசான இணைப்பு சூடாகும், சூடு இணைப்பை மேலும் தளர்த்தும், தளர்ந்தது மேலும் சூடாகும். எம்.சி.பி. என்ற தானாக விழும் ஸ்விட்ச் இதைக் கண்டுபிடிக்காது, அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்குத்தான் விழும். நிறம் மாறிய ஒயர், கருகிய வாடை, தொட்டால் சுடும் பெட்டி மூடி ஆகியவைதான் தொழிலாளி கண்ணில் படும் எச்சரிக்கை. அதன்மேல் பஞ்சுத் தூசி படிந்திருந்தால் சிறு பொறி போதும். தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுகிறவர்கள் உண்டு. ஊதிய தூசி எங்கேயும் போய்விடாது. டியூப் லைட்டின் மேலும் மோட்டாருக்குள்ளும் பெட்டியின் இடுக்கிலும் போய் உட்காரும். பிரஷ்ஷும் வேக்கமும்தான் சரி.

அடுத்தது அயர்னிங். மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது பெட்டியைத் துணிமேல் படுக்கவைத்துவிட்டுப் போவது. மின்சாரம் போனதும் சுவிட்சை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட, இரவில் மின்சாரம் வந்து பெட்டி தானே சூடாவது. இந்த இரண்டாவது வகைக்கு ஒரே மருந்து, ஷிஃப்ட் முடிந்ததும் அயர்னிங் பிரிவின் மெயினை இறக்கிவிட்டு அதற்கென்று ஒரு ஆள் கையெழுத்துப் போடுவது.

செக்கிங் டேபிளில் கறை எடுக்கும் கெமிக்கல். அதன் ஆவி பல சமயம் காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து தூரத்தில் உள்ள பொறியைத் தேடிப் போகும். அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். குடோனில் துணி ரோலை டியூப் லைட்டுக்கு முட்டும்வரை அடுக்குவது, ஜெனரேட்டர் அறையில் எண்ணெய்த் துணி, கட்டிங் டேபிளுக்குக் கீழே இரண்டு நாள் வேஸ்ட், வண்டி நிறுத்துமிடத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டில் சார்ஜ் ஏறும் பேட்டரி ஸ்கூட்டர் என்று பட்டியல் நீளும். நடந்து பார்க்கிற தொழிலாளர்களே மேனேஜருக்குத் தெரியாத இரண்டு மூன்றைக் காட்டிவிடுவார்கள்.

முதல் இரண்டு நிமிடம்

தீயைப் பார்த்தவர் முதலில் கத்த வேண்டும். தன் மொழியில் அல்லாமல் எல்லாருக்கும் புரிகிற சொல்லில். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் லைனில் பாதி இருக்கும் கம்பெனியில் "தீ, தீ" என்றால் சிலருக்குப் புரியாது. இந்தியில் "ஆக்", வங்காளத்தில் "ஆகுன்". பயிற்சியிலேயே ஒரு பொதுச் சொல்லை முடிவு செய்து பழக்குங்கள். பயிற்சியை அவரவர் மொழியில் நடத்த அந்தந்தக் கூட்டத்திலிருந்தே ஒருவரைத் தயார் செய்வது, வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதைவிட நன்றாக வேலை செய்யும்.

அடுத்து, சுவரில் உள்ள சிவப்பு அலாரப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து அமுக்க வேண்டும். சின்னத் தீதானே, அணைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்கக் கூடாது. அலாரம் அடித்து, தீயும் அணைந்துவிட்டால் நஷ்டம் பத்து நிமிட உற்பத்தி. தவறாக அடித்துவிட்டவரைத் திட்டினால், அடுத்த முறை நிஜத் தீக்கும் அந்தப் பெட்டியைத் தொட ஆள் இருக்காது.

மூன்றாவது மின்சாரம். இதை எலக்ட்ரீஷியனும் அவருக்கு மாற்றாக இன்னொருவரும் மட்டும் செய்ய வேண்டும். இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு: ஈ.பி. மெயினை இறக்கியதும், மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி எரிகிற இடத்துக்கே மின்சாரம் கொடுக்கும். ஜெனரேட்டரின் தானியங்கி முறையையும் சேர்த்து நிறுத்த வேண்டும். தீயணைப்புப் பம்புக்குத் தனி இணைப்பு இருக்க வேண்டும். மெயினோடு அதுவும் செத்தால் ஹோஸில் தண்ணீர் வராது. படிக்கட்டு விளக்குக்குப் பேட்டரி விளக்கு மாற்று. அது எரிகிறதா என்று மாதம் ஒருமுறை ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன், ஏர் கூலர் எல்லாம் தீக்குக் காற்று ஊட்டும், அவையும் நிற்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்போதே மற்ற எல்லாரும் மெஷின் ஸ்விட்சை அணைத்து எழுந்து நடக்க வேண்டும். டிபன் பாக்ஸ், பை, செருப்பு எதற்கும் நிற்கக் கூடாது. லிஃப்ட் வேண்டாம். கடைசியாக வெளியேறுபவர் கதவைச் சாத்த வேண்டும், ஆனால் பூட்டக் கூடாது. சாத்திய கதவு புகையைச் சில நிமிடம் தடுக்கும்.

யார் அணைக்கலாம்

அணைக்கும் குழு என்று ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சிலரைப் பயிற்றுங்கள். இரவு ஷிஃப்ட்டையும் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமையும் மறந்துவிடுவது வழக்கமான பிழை. அவர்களும் நான்கு கேள்விக்கு "ஆம்" என்றால்தான் கை வைக்க வேண்டும். தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருக்கிறதா? அலாரம் அடித்தாயிற்றா? முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இருக்கிறதா? கையில் இருப்பது இந்தத் தீக்கு உரிய சிலிண்டரா? ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் வெளியே போக வேண்டும்.

இந்திய முறையில் தீயின் வகைகள் இப்படி: ஏ என்பது துணி, அட்டை, மரம். பி என்பது டீசல், தின்னர் போன்ற திரவம். சி என்பது எரிவாயு. டி என்பது உலோகம். இணையத்தில் பார்க்கும் அமெரிக்கப் படங்களில் சி என்றால் மின்சாரம். அதைப் பிரிண்ட் எடுத்து இங்கே ஒட்டிவிட்டுக் குழம்புகிறார்கள்.

பனியன் கம்பெனியில் எங்கும் தொங்குவது ஏ.பி.சி. பொடி, பெரும்பாலும் 6 கிலோ. உள்ளே மோனோ அம்மோனியம் பாஸ்பேட் பொடியும் அதைத் தள்ள அழுத்தமூட்டிய நைட்ரஜனும் இருக்கும். சூட்டில் உருகித் துணிமேல் ஒரு படலம்போல ஒட்டிக்கொள்வதால் ஏ வகைத் தீக்கும் உதவுகிறது. பழைய பி.சி. பொடிக்கு அந்தக் குணம் இல்லை. அதைத் துணித் தீயில் அடித்தால் சுடர் அணைவதுபோல் அணைந்து திரும்ப வரும். பொடியின் குறை, அது போகாத இடமில்லை என்பது. சர்வோ மோட்டார் போர்டுக்குள் புகுந்தால் மெஷின் பிறகு அரித்துப்போகும். மின்பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் சரி. துணிக் குடோனில் பொடியோடு நிறுத்தாமல் 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டரும் ஹோஸ் ரீலும் இருக்க வேண்டும். ஏன் என்று மேலே பார்த்தோம், உள்ளிருக்கும் கங்குகளைக் குளிர்விப்பது தண்ணீர்தான். மின்சாரம் இறங்கியது உறுதியான பிறகே தண்ணீர்.

சிவப்பு மணல் வாளிக்கும் ஒரு வார்த்தை. அதன் அடிப்பாகம் உருண்டையாக இருப்பது தயாரிப்புப் பிழையில்லை. தரையில் நிற்காத வாளியை யாரும் வேறு வேலைக்கு எடுத்துப்போக மாட்டார்கள் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். டீ கப்பையும் வெற்றிலை எச்சிலையும் அதில் போடுவதை மட்டும் எந்த வடிவத்தாலும் தடுக்க முடியவில்லை.

ஐ.எஸ். 2190 என்ற இந்தியத் தர விதிப்படி எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டர் நடைக்குள் ஒரு சிலிண்டர் எட்ட வேண்டும். சுவர்களுக்கு இடையே நேர்கோடு போட்டு அளக்கக் கூடாது. மெஷின் வரிசையைச் சுற்றி நடந்து அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை: அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா, சீல் அறுந்திருக்கிறதா, குழாயில் விரிசல் இருக்கிறதா, முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள் கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்பக் கொடுக்க வேண்டும். முள் பச்சையில் இருந்தும் பொடி அடியில் இறுகிப்போயிருக்கலாம். சிலிண்டரைக் கவிழ்த்துப் பிடித்தால் பொடி சரிவதை உணர முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

இனி கையாளும் முறை. சிலிண்டரைத் தரையில் வைத்துப் பாதுகாப்புப் பின்னை இழுக்க வேண்டும். கைப்பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னை இழுத்தால் பின் சிக்கிக்கொள்ளும்; பதற்றத்தில் எல்லாரும் செய்வது இதைத்தான். அந்த இடத்திலேயே ஒரு நொடி அடித்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று தெரிந்தபின் தீயை நோக்கிப் போக வேண்டும். வெளியில் என்றால் காற்று முதுகில் அடிக்கும்படி நிற்க வேண்டும். பொடிக்கு ஆறேழு அடி தூரம். அதைவிடக் கிட்டே போய் எண்ணெய்த் தீயில் அடித்தால் வேகத்தில் எண்ணெய் தெறித்துத் தீ பரவும். குறி, சுடரின் அடி. நுனியில் அடித்தால் பொடி தீயைத் தாண்டிப் போய்விடும். பிறகு கைப்பிடியை முழுதாக அமுக்கி, இடமும் வலமுமாக வீச வேண்டும். 6 கிலோ சிலிண்டர் அரை நிமிடம்கூட வராது. முதல் முறை அடிப்பவர்கள் இதைக் கேட்டு நம்பமாட்டார்கள், ஒருமுறை அடித்தால் நம்புவார்கள். தகரத் தட்டுப் பயிற்சியின் உண்மையான பயன் இந்த ஒரு பாடம்தான்.

ஒரு சிலிண்டரில் அணையாவிட்டால் விட்டுவிட்டு வெளியேற வேண்டும். அணைந்தாலும் முதுகைக் காட்டித் திரும்பாமல் பின்னோக்கி நடக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு மூன்று நான்கு அடி வரை கிட்டே போகலாம், ஆனால் அதன் கூம்புக் குழாயைக் கையால் பிடிக்கக் கூடாது. மைனஸ் 78 டிகிரி வரை குளிர்ந்து தோலை உரித்துவிடும். பிடிப்பதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். சின்ன அறைக்குள் அடித்தால் தீக்கு மட்டுமல்ல, அடித்தவருக்கும் மூச்சு முட்டும். அடித்துவிட்டு உடனே வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். அது குளிர்விப்பதும் குறைவு, மின்சாரம் இறங்கவில்லை என்றால் தீ திரும்ப வரும்.

ஹைட்ரன்ட் என்ற தீயணைப்புத் தண்ணீர்க் குழாயில் மாட்டும் 63 மில்லிமீட்டர் ஹோஸைப் பயிற்சி இல்லாதவர் ஒற்றை ஆளாகத் திறக்கக் கூடாது. தண்ணீரின் எதிர்விசை ஆளைத் தூக்கி அடிக்கும்.

கேன்டீன்காரருக்கு இரண்டே வரி. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டால் மூடு. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதே, அணைக்கவும் செய்யாதே. ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திற.

ஒத்திகை

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை வேண்டும். முதல் ஒத்திகையை நாளும் நேரமும் சொல்லியே நடத்தலாம். அடுத்ததற்கு நாளை மட்டும் சொல்லுங்கள். மூன்றாவதில் தினமும் எல்லாரும் வந்துபோகும் வாசலில் ஒரு அட்டை: "இங்கே தீ." அப்போதுதான் தெரியும், இரண்டாவது வாசல் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியாது என்பதும், அதன் சாவி செக்யூரிட்டி மேஜைக்குள் இருக்கிறது என்பதும். அவசர வாசலுக்குச் சாவியே இருக்கக் கூடாது. உள்ளிருந்து தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருக்க வேண்டும். துணி திருட்டைப் பற்றிய கவலை இருந்தால் கதவில் ஒரு மணி வையுங்கள், திறந்தால் அடிக்கட்டும்.

நேரத்தை இரண்டாகப் பிரித்துக் குறியுங்கள். மணி அடித்ததிலிருந்து முதல் ஆள் எழுந்திருக்கும்வரை ஒன்று. எழுந்ததிலிருந்து கடைசி ஆள் வெளியேறும்வரை இன்னொன்று. நிறையக் கம்பெனிகள் மொத்த நேரத்தை மட்டும் எழுதுகின்றன. அதில் பாதி உட்கார்ந்தபடியே போன நேரம் என்பது தெரியாமலேயே போகிறது. நடக்கும் நேரம் அதிகமென்றால் நடைபாதையை ஆராயுங்கள்: மஞ்சள் கோட்டுக்குள் டிராலி நிற்கும், படிக்கட்டுத் திருப்பத்தில் பேக்கிங் அட்டை இருக்கும். எழும் நேரம் அதிகமென்றால் சூப்பர்வைசர்களோடு பேச வேண்டும்.

கழிப்பறை, ஸ்டோர், மொட்டைமாடியில் யாரும் இல்லை என்று பார்த்துவர ஒரு தளத்துக்கு ஒருவர் வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குப் பெண்ணே. கர்ப்பிணிகளுக்கும் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கும் பக்கத்து மெஷின்காரர் ஒருவரைத் துணையாக முன்பே சொல்லிவைக்க வேண்டும். குழந்தைகள் காப்பகம் இருந்தால் தாய்கள் எதிர்த்திசையில் ஓடி வருவார்கள், இது உறுதி. குழந்தைகளை ஆயா எந்த வழியாக எங்கே கொண்டுபோவார் என்பதை ஒத்திகையில் அவர்கள் கண்ணால் பார்த்திருந்தால்தான் அந்த ஓட்டம் நிற்கும்.

கூடுமிடம் கட்டடத்தை விட்டு விலகி, தீயணைப்பு வண்டி வரும் வழியை அடைக்காத இடமாக இருக்க வேண்டும். அங்கே எண்ணிக்கை எடுப்பதில்தான் பெரும்பாலான ஒத்திகைகள் கோட்டைவிடும். விரல் வைக்கும் மெஷின் எரிகிற கட்டடத்துக்குள் இருக்கும். அதனால் லைன் சூப்பர்வைசர் ஒவ்வொருவரும் காலையில் தன் லைனின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்திருக்க வேண்டும். கட்டிங், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றுக்கும் தனிச்சீட்டு. செக்யூரிட்டி தன் விசிட்டர் நோட்டோடு வெளியே வர வேண்டும். துணி இறக்க வந்த லாரி டிரைவரும் கிளீனரும் அதில்தான் இருப்பார்கள். ஒரு பெயர் குறைந்தால் தேடி உள்ளே போகக் கூடாது. தீயணைப்புத் துறையிடம் பெயரும் கடைசியாகப் பார்த்த இடமும் சொல்ல வேண்டும்.

தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது 112. ஆம்புலன்ஸுக்கு 108. போன் செய்பவர் சொல்ல வேண்டியது: கம்பெனி பெயர், தெரு, எல்லாருக்கும் தெரிந்த அடையாளம், எரிவது என்ன, எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் உண்டா. எதிர்முனை வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது. குறுகலான தெரு என்றால் முனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும், நிறுத்தியிருக்கும் பைக்குகளை இருவர் நகர்த்த வேண்டும். இதையும் ஒத்திகையில் செய்து பாருங்கள்.

உடையில் தீ பிடித்தால்

ஓடக் கூடாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். நின்ற இடத்தில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளி அல்லது தடித்த பருத்தித் துணியைப் போர்த்தலாம், பாலியெஸ்டர் துணி வேண்டாம். அணைந்ததும் புண்ணில் ஓடும் குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம். ஐஸ் வைக்கக் கூடாது. பேஸ்ட், மாவு, மை, மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வளையல், மோதிரம், கொலுசை வீக்கம் வருவதற்குள் கழற்ற வேண்டும்.

ஒத்திகை நோட்டில்

பல கம்பெனிகளின் நோட்டில் "ஒத்திகை நன்றாக நடந்தது, அனைவரும் 3 நிமிடத்தில் வெளியேறினர்" என்று ஒரே வரி ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப இருக்கும். ஆடிட் செய்பவருக்கும் அது பொய் என்று தெரியும். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: இரண்டாவது மாடி மணி கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்கவில்லை. ஆறாவது லைனில் நான்கு பேர் சூப்பர்வைசர் சொல்லும்வரை எழவில்லை. பின்வாசல் கதவு பாதிதான் திறந்தது, வெளியே வேஸ்ட் மூட்டை. எண்ணிக்கையில் இருவர் குறைந்தனர், டீக்கடையில் இருந்தனர். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று ஒரு பெயர். அடுத்த ஒத்திகை இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கட்டும்.